உரோமர் குடிமையும் உரிமை வேறுபாடும்

1. முன்னுரை

'குடிமை' என்னுஞ் சொல் காலந்தோறும் பொருள் வேறுபட்டு வந்துள்ளது. திருக்குறளில் 96ஆம் அதிகாரத்தின் பெயராக நிற்குங்கால் அஃது உயர்குடியிற் பிறந்தார்க்குரிய பண்பினைக் குறிக்கும். இக்காலச் சட்ட வழக்கிலோ ஒரு நாட்டின் உறுப்பினராக இருக்கும் உரிமையைக் குறிக்கும். முன்னைய பொருள் மக்களைப் பிரித்துக் காட்டுவது. பின்னைய பொருள் மக்களை ஒரு நிறையாகக் கொள்வது. உரோமர் வழங்கிய 'சிவித்தாசு' என்னும் இலத்தீன் சொல்லையும் 'குடிமை' என்றே பெயர்த்து வழங்குகின்றோம். அங்ஙனம் வழங்கும்போது, இக்காலப் பொருளிற் பொதிந்துள்ள சமன்மையை அப்பழஞ் சொல்லின்மேல் ஏற்றிவிடுதல் கூடாது. உரோமர் குடிமையில் இவ்விரு பொருளும் ஒருங்கே கலந்திருந்தன.

உரோமச் சட்டத்தைப் பயில்வோர் பெரும்பாலும் இரண்டு வேறுபாடுகளையே முதற்கண் நோக்குவர். ஒன்று, உரிமையுடையார்க்கும் அடிமைகட்கும் இடைப்பட்டது. மற்றொன்று, குடிமக்கட்கும் அயலார்க்கும் இடைப்பட்டது. குடிமக்களாகிய தம்முள்ளேயே சட்டம் வகுத்த வேறுபாடு அத்துணை எளிதிற் புலப்படுவதன்று. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். குடிமை விரிந்துகொண்டே சென்ற காலத்தில் உரிமை வேறுபாடு மறைந்தொழியவில்லை; அஃது எல்லைக்குப் புறத்திருந்து எல்லைக்கு உள்ளே இடம் பெயர்ந்தது. இதுவே இக்கட்டுரையால் யாம் நிறுவக் கருதும் முடிபு.

2. குடிமை ஒரு தொகுதி

உரோமர் குடிமையைப் பிரிக்கவியலாத ஒரே உரிமையாகக் கொண்டாரல்லர். அது பல உரிமைகளின் தொகுதி. பேரவையில் வாக்களித்தல், அரசியற் பதவிகளுக்குப் போட்டியிடுதல், உரோமச் சட்டப்படி உடைமை வாங்கவும் விற்கவும் ஒப்பந்தஞ் செய்யவும் பெறுதல், சட்டம் ஏற்கும் மணஞ் செய்தல், அதிகாரியின் தண்டனைக்கு எதிராக மக்களிடம் முறையிடுதல் என்பன அத்தொகுதியின் தலையாய கூறுகள். இக்கூறுகளை ஒன்றினின்று ஒன்று பிரித்துச் சிலவற்றை ஈந்து சிலவற்றை மறுத்தல் உரோமர்க்குக் கைவந்த முறை.

'வாக்கில்லாக் குடிமை' என்பது இதற்குத் தெளிந்த சான்றாகும். கி.மு. 338இல் கபுவா முதலிய ஊர்களுக்கு இத்தகைய குடிமை வழங்கப்பட்டது. இவ்வூரார் படையிற் பணிபுரிதலும் வரி செலுத்துதலும் குடிமக்களாகிய கடமை. வாக்களித்தலும் பதவி பெறுதலும் அவர்க்கு இல்லை. அர்ப்பினம் என்னும் சிற்றூர் கி.மு. 303இல் வாக்கில்லாக் குடிமை பெற்றது, கி.மு. 188இற்றான் வாக்குரிமை பெற்றது. இடைப்பட்ட 115 ஆண்டுகள் அவ்வூரார் பெயரளவிற் குடிமக்களாக இருந்தனர். பிற்காலத்தே ஏழுமுறை கான்சலாக இருந்த மாரியசும், நாவலர் சிசரோவும் பிறந்தது இவ்வூரிலேயே என்பது நினைத்தற்குரியது.

தொகுதி பிரிக்கக்கூடியது எனின், அதனை எந்த அளவுகோல் கொண்டு பிரித்தனர் என்னும் வினா எழும். பிறப்பு, உடைமை, அடிமை நிலையின் வடு, பால், தந்தையின் ஆட்சி, மதிப்புநிலை என்பன அவ்வளவுகோல்கள். அவற்றை முறையே காண்பாம்.

3. பிறப்பு

குடியரசின் தொடக்கத்தில் குடிமக்கள் பத்திரீசியர் எனவும் பிளெபியர் எனவும் இரு பிரிவினராக நின்றனர். பெரும்பதவிகளும் சமயக் குருமார் பதவிகளும் பத்திரீசியர் வசமே இருந்தன. சட்டம் எழுதப்படாத நிலையில், சட்டம் இன்னதென அறிந்து உரைப்போரும் அவரே. மரபுப்படி கி.மு. 494இல் பிளெபியர் நகரை விட்டு நீங்கி ஒரு குன்றில் தங்கினர். அதன் பயனாகத் தம்மைக் காக்கும் திரிபூன் என்னும் அதிகாரிகளைப் பெற்றனர். கி.மு. 451, 450 ஆகிய ஆண்டுகளிற் பன்னிரு பலகைச் சட்டம் எழுதப்பட்டது.

எழுத்துச் சட்டம் வந்தமையாற் சமன்மை வந்துவிட்டதென்று கருதலாகாது. அப்பன்னிரு பலகைகளுள்ளேயே இருபிரிவினரும் தம்முள் மணத்தலைத் தடுக்கும் விதி இடம்பெற்றது. எழுதப்படாத வழக்கினை எழுதிவைத்து உறுதிப்படுத்துதலும் எழுத்துச் சட்டத்தின் தொழிலாதல் இதனாற் புலனாம். ஆயினும் எழுதப்பட்டது வெளிப்படையாயிற்று. வெளிப்படையானது எதிர்ப்பிற்கு இலக்காயிற்று. கி.மு. 445இல் கனுலேயசு சட்டம் அம்மணத்தடையை நீக்கியது. கி.மு. 367இன் சட்டத்தால் கான்சல் பதவி பிளெபியர்க்குத் திறந்தது. கி.மு. 300இல் குருமார் பதவிகள் திறந்தன. கி.மு. 287இல் பிளெபியர் அவையின் தீர்மானங்கள் குடிமக்கள் அனைவரையும் கட்டுப்படுத்துவனவாயின.

இவ்வெற்றியின் பயனைப் பெரிதும் நுகர்ந்தோர் பிளெபியருட் செல்வரே. அவர்கள் பழைய உயர்குடியினரோடு கலந்து ஒரு புதிய ஆளுங் குழுவாயினர். ஏழைப் பிளெபியன் பிறப்பென்னுந் தடை நீங்கியபின் உடைமையென்னுந் தடையின்முன் நின்றான்.

4. உடைமை

கான்சல் முதலிய பேரதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தது நூற்றுவர் பேரவை. அதில் வாக்கு ஆள்வழி எண்ணப்படவில்லை. நூற்றுவர் குழு ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு. குழுக்களோ உடைமை மதிப்பீட்டின்படி வகுக்கப்பட்டன. வரலாற்றாசிரியர் டயோனீசியசு தரும் கணக்கின்படி மொத்தம் 193 குழுக்கள். அவற்றுள் குதிரைவீரர் குழுக்கள் 18. முதல் வகுப்பின் குழுக்கள் 80. இவ்விரண்டும் சேர்ந்து 98. எஞ்சியோர் அனைவர்க்கும் 95. வாக்கெடுப்பு மேலிருந்து கீழ்நோக்கி நிகழும்; பெரும்பான்மை கிடைத்தவுடன் நிறுத்தப்படும். எனவே மேல்வகுப்பினர் ஒன்றுபட்டால், கீழ்வகுப்பினர் வாக்களிக்க அழைக்கப்படுவதே இல்லை.

உடைமை ஏதுமற்றோர் அனைவரும் ஒரே குழுவில் அடைக்கப்பட்டனர். அவர்க்குப் 'புரோலெத்தாரியர்' என்று பெயர். 'புரோலேசு' என்பது மகப்பேற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல். நாட்டிற்கு மக்களையன்றி வேறொன்றும் ஈய மாட்டாதவர் என்பது அப்பெயரின் கருத்து. இம்முறையின் நோக்கத்தை இலிவி மறைக்கவில்லை: எவரும் வாக்கினின்று விலக்கப்பட்டவராகத் தோன்றாமலும், வலிமை முழுதும் தலைமக்களிடமே தங்குமாறும் இஃது அமைக்கப்பட்டது என்பது அவர் கூற்றின் சாரம். பிற்காலத்தே முதல் வகுப்பின் குழுக்கள் 70 ஆகக் குறைக்கப்பட்டன, கி.மு. 139இல் மறை வாக்கும் வந்தது. எனினும் குழுவால் எண்ணும் முறை மாறவில்லை. மறை வாக்கு வாக்காளனை அச்சத்தினின்று காத்தது. அவன் வாக்கின் எடையைக் கூட்டவில்லை.

உடைமை, வழக்குமன்றத்திலும் தன் ஆற்றலைக் காட்டிற்று. பன்னிரு பலகைச் சட்டத்தின்படி, உடைமையுடையான் ஒருவனுக்கு வழக்கிற் பிணையாக நிற்போன் உடைமையுடையானாகவே இருத்தல் வேண்டும். புரோலெத்தாரியனுக்கோ விரும்பும் எவரும் நிற்கலாம். மேற்போக்கில் ஏழைக்குச் சலுகைபோலத் தோன்றும் இவ்விதி, குடிமக்களை இருவேறு மதிப்பினராகச் சட்டமே எழுதிவைத்தமைக்குச் சான்றாகும்.

5. அடிமை நிலையின் வடு

உரோமரிடம் ஒரு தனிச்சிறப்பு உண்டு. உரோமக் குடிமகன் முறைப்படி விடுவித்த அடிமை தானும் உரோமக் குடிமகனாவான். கிரேக்க நகர்களில் விடுவிக்கப்பட்டவன் பொதுவாக அயலானாகவே எஞ்சினான். இவ்வகையில் உரோமர் தாராளமுடையவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கொடுத்த கையே ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டது.

விடுதலை பெற்றவன் வாக்களிக்கலாம். ஆனால், மொத்தம் 35 குலப்பிரிவுகளுள் நகர்க்குரிய நான்கிலேயே பெரும்பாலும் அவன் பெயர் பதியப்பட்டதால் அவ்வாக்கிற்கு எடை குறைவு. அரசியற் பதவிகள் அவனுக்கு இல்லை. முன்னாளைத் தலைவனுக்கு அவன் மதிப்பும் பணியும் செலுத்தக் கடமைப்பட்டவன். பிரீட்டரின் இசைவின்றி அத்தலைவன்மேல் வழக்குத் தொடுத்தலும் ஆகாது. கி.பி. 9இன் பாப்பியா பொப்பேயா சட்டத்தின்படி, 1,00,000 செசுத்தர்சு அல்லது அதற்கு மேற்பட்ட உடைமையுள்ள விடுதலையாளன் மூன்று மக்களினும் குறைந்த மக்களை விட்டிறப்பின், அவன் சொத்தில் தலைவனுக்கும் பங்குண்டு. தன் உழைப்பால் ஈட்டிய பொருளிலும் பழைய தளையின் நிழல் படிந்திருந்தது.

இத்தகையோர் தென்கடல் வரை வந்ததற்கும் சான்றுண்டு. செங்கடற் பகுதியில் வரித்தண்டும் குத்தகை எடுத்திருந்த அன்னியசு புளோக்கமசு என்பானின் விடுதலையாளன் ஒருவன், கிளாதியசு பேரரசன் காலத்திற் காற்றால் அலைப்புண்டு இலங்கையை அடைந்தான் என முதிய பிளினி எழுதுகின்றார். அவன் பெயரைப் பிளினி தரவில்லை. தலைவன் பெயரால் மட்டுமே சுட்டுகின்றார். சங்க நூல்கள் சுட்டும் யவன வணிகத்தை ஆராய்வோர், அக்கடல் வணிகத்தில் இத்தகைய விடுதலையாளரும் அடிமைகளும் முகவராக இருந்தனர் என்பதனை மனங்கொளல் வேண்டும்.

இவ்வடு ஒரு தலைமுறையோடு பெரிதும் நீங்கியது. விடுதலைக்குப்பின் பிறந்த மகன் பிறப்பாலேயே உரிமையுடையான். கவிஞர் ஒராசியசு விடுதலையாளன் ஒருவனின் மகனே. எனினும் அப்பிறப்பைச் சுட்டித் தம்மை இகழ்ந்தவர் உண்டென்பதை அவரே தம் பாடல்களிற் குறிப்பிட்டுள்ளார். சட்டம் மறந்ததனைச் சமுதாயம் மறக்கவில்லை.

6. மகளிரும் தந்தையின் ஆட்சிக்குட்பட்டோரும்

உரோமப் பெண் குடிமகளே. ஆயினும் வாக்கும் பதவியும் அவட்கு இல்லை. தந்தையோ கணவனோ ஆளாத நிலையிலும், பெருஞ்செயல்களுக்கு ஒரு காப்பாளனின் இசைவு வேண்டும். கி.மு. 169இன் வொக்கோனியா சட்டம், முதல் வகுப்புச் செல்வர் தம் இறுதி முறியிற் பெண்ணை உரிமையாளியாக நியமித்தலைத் தடுத்தது. அகசுத்தசு காலத்தில் மூன்று மக்களைப் பெற்ற பெண்ணுக்குக் காப்பாளனிடமிருந்து விலக்குக் கிடைத்தது. விடுதலை பெற்ற பெண்ணுக்கோ நான்கு மக்கள் வேண்டும். ஒரே சலுகைக்கும் இரண்டு விலைகள்!

கி.மு. 42இல் மூவர் ஆட்சியினர் போர்ச்செலவிற்காகச் செல்வமகளிர் 1,400 பேர்மீது வரி விதிக்க முற்பட்டனர். அப்போது ஒர்த்தென்சியா என்னும் பெண்மணி பொதுமன்றத்திற் பேசினார். பதவியிலும் ஆட்சியிலும் பங்கில்லாத யாங்கள் வரியில் மட்டும் ஏன் பங்குகொள்ளல் வேண்டும் என்பது அவர் வினாவின் கருத்தென அப்பியன் வாயிலாக அறிகின்றோம். மறுநாள் அத்தொகை 400 பேராகக் குறைக்கப்பட்டது. வரி குறைந்தது, உரிமை கூடவில்லை.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான சட்ட அறிஞர் கேயசு, பெண்களின் மனம் நிலையற்றதாதலாற் காப்பாளன் வேண்டும் எனக் கூறப்படுங் காரணம் உண்மையினும் தோற்றமே மிக்கதென்று வெளிப்படையாக எழுதியுள்ளார். அவருடைய நூல் வெரோனா நகரில் வேறெழுத்தின்கீழ் மறைந்திருந்து 1816இல் நீபூர் என்பவராற் கண்டறியப்பட்டது. சட்டத்தைக் கற்பித்த ஆசிரியரே சட்டத்தின் காரணத்தை நம்பவில்லை. எனினும் சட்டம் நிலவியது.

ஆடவருள்ளும், தந்தை உயிரோடிருக்கும்வரை மகன் அவர் ஆட்சிக்கு உட்பட்டவன். அவன் ஈட்டியது தந்தைக்கே உரியது. கான்சலாகப் படை நடத்துவோனும் தனக்கெனக் காணி நிலம் இல்லாதவனாக இருத்தல் கூடும். படைப்பணியில் ஈட்டிய பொருளை மகன் தன் விருப்பப்படி இறுதி முறியால் வழங்கலாம் என்னும் விலக்கு அகசுத்தசு காலத்திலேயே வந்தது. நாட்டில் உயர்ந்தவன் வீட்டில் உரிமையற்றவன் என்னும் இம்முரணால், ஒருவனே பலவகை அளவுகோல்களாலும் ஒருங்கே அளக்கப்பட்டமை விளங்கும்.

7. உடலின்மேல் எழுதப்பட்ட வேறுபாடு

மேற்கூறிய உரிமைகளுட் பல செல்வர்க்கே பயன்பட்டன. ஏழைக்கும் பயன்பட்ட ஓர் உரிமை உண்டெனில், அது தன் உடலைக் காக்கும் உரிமையே. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் போர்சியா சட்டங்கள் குடிமகனைக் கசையால் அடித்தலைத் தடுத்தன. சிசிலியின் ஆளுநன் வெர்ரசு, காவியசு என்னும் உரோமக் குடிமகனை மெசானா நகரில் அடிப்பித்துச் சிலுவையில் அறைந்தான். கி.மு. 70இல் அவன்மேல் வழக்குத் தொடுத்த சிசரோ, அடிபடுந்தோறும் அம்மனிதன் தான் உரோமக் குடிமகன் என்றே கூவினான் என எடுத்துரைத்து, இதனைக் கொடுமைகளின் உச்சமாகக் காட்டினார். புதிய ஏற்பாட்டின் அப்போத்தலர் நடபடிகளில், எருசலேமிற் கசையடிக்குக் கட்டப்பட்ட பவுல் தம் குடிமையைக் கூறியவுடன் படைத்தலைவன் அஞ்சி விலகிய செய்தியும் வருகின்றது. தான் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குடிமையைப் பவுல் பிறப்பிலேயே உடையவர் என அத்தலைவன் அங்கே அறிகின்றான்.

இந்நிலை கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் மாறுவதைக் காண்கின்றோம். சட்ட நூல்களில் 'ஒனெசுத்தியோரெசு', 'உமிலியோரெசு' என்னும் இரு சொற்கள் தலைகாட்டுகின்றன. முன்னது மதிப்பும் பதவியும் குறிக்கும் 'ஒனோர்' என்பதனடியாகவும், பின்னது நிலத்தைக் குறிக்கும் 'உமுசு' என்பதனடியாகவும் வந்தன. மேலோர், கீழோர் என்று அவற்றைப் பெயர்க்கலாம். செனட்டினர், குதிரைவீரர் வகுப்பினர், நகரவை உறுப்பினர், பணிமுடித்த படைவீரர் ஆகியோர் மேலோர், ஏனையோர் கீழோர். செனட்டினர்க்கு 10,00,000 செசுத்தர்சும், குதிரைவீரர் வகுப்பினர்க்கு 4,00,000 செசுத்தர்சும் உடைமையளவாகும். இளைய பிளினியின் ஊராகிய கோமத்தில் நகரவையினர்க்கு அது 1,00,000. இச்சொற்களின் எல்லையைச் சட்ட அறிஞர் திட்டமாக வரையறுத்திலர். இரண்டும் ஒப்பீட்டுச் சொற்கள்; ஒப்பிடுவோன் நீதிபதி.

ஒரே குற்றத்திற்கு இருவகைத் தண்டனை வழங்கப்பட்டது. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியளவில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் 'பவுலுசின் கருத்துரைகள்' என்னும் நூலின்படி, பொய்யாக இறுதி முறி புனைந்த மேலோன் தீவிற்கு நாடு கடத்தப்படுவான். கீழோன் சுரங்கத்திற்கு அனுப்பப்படுவான் அல்லது சிலுவையில் அறையப்படுவான். நகரவையினரைத் தந்தைக்கொலை போன்ற குற்றத்திற்கன்றிக் கொல்லலாகாதென ஏட்ரியன் விதித்தார். சான்றுரைப்போரை ஆராயுங்கால் அவர் நகரவையினரா பொதுமக்களா, செல்வரா வறியரா என நோக்குக எனக் கல்லிசுத்திரத்தசு கூறுகின்றார். மேனிலையாளன்மேல் வஞ்சக வழக்குத் தொடுக்கத் தாழ்ந்தோனுக்கு இசைவளித்தலாகாது என்பது உல்பியன் கருத்து. தண்டனையில் மட்டுமன்றி, மன்றத்தின் வாயிலிலேயே நிறை வேறாயிற்று.

இவ்வேறுபாடு எப்போது எழுந்ததென்பதிற் கருத்து வேற்றுமை உண்டு. இரண்டாம் நூற்றாண்டிற் சட்டச் சொல்லாக இது தோன்றிய முறையைக் கார்தாசியா 1950இல் ஆராய்ந்தார். சொல் தோன்றுமுன்னரே நீதிபதிகளின் நடைமுறையில் இவ்வேறுபாடு வேரூன்றியிருந்ததென 1970இல் வெளிவந்த நூலிற் கார்ன்சி வற்புறுத்தினார். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல என்பது எம் கருத்து. வழக்காறாக இருந்தது சட்டச் சொல்லாக உறைந்தது எனக் கொள்ளலே பொருந்தும்.

இம்மாற்றத்தின் கடுமையை ஒரு கல்வெட்டுக் காட்டுகின்றது. இன்றைய துனீசியாவில் சூக் எல் கமீசு என்னுமிடத்தில் 1879இற் கண்டெடுக்கப்பட்ட அது, பேரரசனுக்குரிய பண்ணை நிலத்தில் உழுத குடியானவர் கொம்மோடசு பேரரசனுக்கு (கி.பி. 180–192) விடுத்த முறையீட்டைத் தாங்கியுள்ளது. பண்ணைக் குத்தகையாளன் மேலதிகாரியோடு கூடி அளவிறந்த பணி வாங்கினான். படைவீரர் ஏவப்பட்டுத் தம்முட் சிலர் பிடிக்கப்பட்டனர். உரோமக் குடிமக்களாகிய சிலரும் கோலால் அடிக்கப்பட்டனர் என்பது அவர் குறை. ஆண்டிற்கு மூன்று முறை, முறைக்கு இரண்டு நாள் எனும் வரம்பிற்கு மேற் பணி வாங்கலாகாதெனப் பேரரசன் விடையிறுத்தார். அவ்விடையையும் முறையீட்டையும் அவர்கள் கல்லிற் பொறித்து வைத்தனர். காவியசின் கூக்குரல் உரோமையில் ஒரு பெரு வழக்கிற்குக் கருவாயிற்று. இவ்வுழவர் பட்ட அடியோ குறைகளின் பட்டியலில் ஒன்றாயிற்று. இரண்டிற்கும் இடையே ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுகள் கழிந்திருந்தன.

8. கி.பி. 212

கி.பி. 212இல் கரகல்லா பேரரசன் ஓர் ஆணையால் பேரரசின் உரிமையுடைய மக்கள் ஏறக்குறைய அனைவர்க்கும் உரோமக் குடிமை வழங்கினார். கீசென் நகரிலுள்ள பாப்பிரசு ஏடொன்று இவ்வாணையின் கிரேக்க வடிவைச் சிதைந்த நிலையிற் காட்டுவதாக அறிஞர் பலர் கொள்வர். குடிமக்கள் செலுத்திய மரபுரிமை வரியைப் பெருக்குதலே உண்மை நோக்கம் என்பது அக்காலத்தவராகிய காசியசு தியோவின் கூற்று. அவ்வரி அதே பேரரசனால் நூற்றுக்கு 5இலிருந்து 10ஆக உயர்த்தப்பட்டிருந்தது.

புதிய குடிமக்கள் பலர் பேரரசனின் குடிப்பெயராகிய 'அவுரேலியசு' என்பதனைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டனர். எகிப்திய ஏடுகளில் அப்பெயர் மலிந்து வருகின்றது. பெயர் வந்தது, காப்பு வந்ததோவெனின், இல்லையென்றே விடை கூறல் வேண்டும். மேலோர் கீழோர் என்னும் பாகுபாடு அதற்கு முன்னரே உறைந்துவிட்டமையால், புதிய குடிமகனுட் பெரும்பாலோன் கீழோனாகவே குடிமையுட் புகுந்தான். பவுல் சொல்லித் தப்பிய அச்சொற்றொடரைக் கூறுவதால் மட்டும் அவன் கசையினின்று தப்பவியலாது. அனைவர்க்கும் உரியதாயிற்றாதலின் அது எவரையும் வேறுபடுத்திக் காட்டுவதாயில்லை. வேறுபடுத்திக் காட்டுதலே அதன் பழைய ஆற்றலாக இருந்தது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். உரோமர் குடிமை ஒருபடித்தான உரிமையன்று. பிரித்துப் பகிரக்கூடிய தொகுதி. அதனைப் பகிர்ந்த அளவுகோல் காலந்தோறும் மாறியது: முதலிற் பிறப்பும், பின்னர் உடைமையும், இறுதியில் மதிப்புநிலையும் தலைமை பெற்றன. ஓர் அளவுகோல் போராட்டத்தால் வீழ்ந்தபோது, வேறொன்று அதனிடத்தில் ஏறியது.

நான்காவதாக ஒன்றும் கூறத்தகும். பத்திரீசியர் பிளெபியர் மணத்தடை பலகையில் எழுதப்பட்டது. எழுதப்பட்டமையால் ஐந்தாறு ஆண்டுகளுள் அது எதிர்க்கப்பட்டு நீக்கப்பட்டது. மேலோர் கீழோர் என்னும் பாகுபாடு எல்லை வரையறுக்கப்படாமல் நீதிபதியின் கருத்தில் விடப்பட்டது. அதனை நீக்குக எனக் கேட்பதற்கும் ஒரு சட்டம் கிடைக்கவில்லை. அது பேரரசின் இறுதிக் காலம்வரை நிலைத்தது. எனவே ஒரு சமுதாயத்தின் சமன்மையை அளக்க விரும்புவோர், குடிமை எத்துணைப் பேர்க்கு வழங்கப்பட்டது என்பதனோடு அமையாது, அக்குடிமை மிக எளியவன் ஒருவனின் முதுகைக் காத்ததா என்பதனையும் வினவுதல் வேண்டும். உரோமச் சட்ட வரலாறு ஆராய்வோர்க்குக் கற்பிக்கும் முறை இதுவேயாம்.